பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் ரயில்

ரயில் வண்டியைக் கண்டு மகிழாதவர் யார்? பால் மணம் மாறாத குழந்தையும் கைதட்டுகிறது. பல் போன தாத்தாவும் சன்னலோரம் நகர்ந்து உட்காருகிறார். இந்த ஆசையே மேலை நாடுகளில் ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் ஆயிரக்கணக்கான வீடுகளில் மேசைமேல் தண்டவாளம் அமைத்து மாதிரி ரயில் ஓட்டுகிறார்கள். இதை வெறும் விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான ரயிலை அளந்து, 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யப்படுவது இது. 20 மீட்டர் நீளமுள்ள பெட்டி 23 சென்டிமீட்டராகிவிடும். 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள இருப்புப்பாதை 16.5 மில்லிமீட்டராகிவிடும். சக்கரம், விளக்கு, படிக்கட்டு எல்லாம் அந்தக் கணக்குப்படியே குறுகும்.

தோழியரே, இந்தச் சின்னஞ்சிறு எஞ்சினின் வயிற்றுக்குள் ஒரு கணிப்பொறியைப் பொருத்தி, அது நம் சொல்லைக் கேட்டு ஓடவும், நிற்கவும், விளக்கேற்றவும் செய்வது எப்படி என்பதையே இக்கட்டுரையில் காணப் போகிறோம். பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் ஓம் விதி இங்கே உயிரோடு வேலை செய்வதைப் பார்க்கலாம்.

தொடங்கி வைத்த குடும்பம்

"ரயிலும் மின்சாரமும் ஆண்பிள்ளைகளின் சமாசாரம்" என்று யாரேனும் சொன்னால், அவருக்கு ஒரு வரலாறு சொல்லுங்கள். மாதிரி ரயில் உலகில் புகழ்பெற்ற மெர்க்லின் நிறுவனம் 1859-இல் ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் தொடங்கியது. தொடக்கத்தில் அங்கே செய்தவை ரயில்கள் அல்ல. பெண்குழந்தைகளின் பொம்மை வீட்டுக்கான தகரச் சாமான்கள்! நிறுவனர் தியோடோர் மெர்க்லின் 1866-இல் இறந்துபோனார். அவருடைய மனைவி கரோலின் மனம் தளரவில்லை. ஊர் ஊராகச் சென்று பொருள்களை விற்று, தொழிலைக் காப்பாற்றி, 1888-இல் பிள்ளைகளின் கையில் ஒப்படைத்தார். அதன் பிறகு 1891-இல் லைப்சிக் நகரச் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும், துண்டு துண்டாகச் சேர்த்து நீட்டிக்கொள்ளக்கூடிய தண்டவாளத்தையும் அந்நிறுவனம் காட்சிக்கு வைத்தது. கரோலின் அம்மையார் கடையை மூடியிருந்தால் அந்தத் தண்டவாளம் பிறந்திருக்குமா என்பது சிந்திக்கத் தக்கது.

பழைய முறையும் அதன் குறையும்

சாவிக்குப் பின் மின்சாரம் வந்தது. இரண்டு தண்டவாளங்களிலும் நேர்திசை மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். சக்கரங்கள் அதை வாங்கி எஞ்சினுக்குள் இருக்கும் சிறு மோட்டாருக்குக் கொடுக்கும். மின்னழுத்தத்தைச் சுழியிலிருந்து 12 வோல்ட் வரை உயர்த்தினால் வேகம் கூடும். நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். எளிமையான ஏற்பாடுதான்.

ஆனால் இதில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அதே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டுமே ஓடும். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டவேண்டுமானால், தண்டவாளத்தைப் பல பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்சு வைக்க வேண்டும். இரண்டு, மின்னழுத்தம் குறையும்போது விளக்கும் மங்கும். நிலையத்தில் வண்டி நின்றதும் விளக்கு அணைந்து விடும். நின்றுகொண்டிருக்கும் ரயிலின் சன்னல்களில் ஒளி தெரியாவிட்டால் அதில் என்ன அழகு?

இக்குறைகளை நீக்க, 1979-இல் இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனம் "ஜீரோ 1" என்ற முறையை வெளியிட்டது. 1980களின் நடுவில் மெர்க்லினும் தன் டிஜிட்டல் முறையைக் கொண்டு வந்தது. ஒரு நிறுவனத்தின் எஞ்சின் இன்னொரு நிறுவனத்தின் கருவிக்குப் பணியாது என்ற தொல்லை அப்போது இருந்தது. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம், 1990களின் முற்பாதியில், ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியிருந்த முறையை அடிப்படையாகக் கொண்டு ஒரு பொதுத் தரநிலையை வகுத்தது. அதன் பெயர் டி.சி.சி.; அதாவது டிஜிட்டல் கட்டளை முறை. இன்று பல நாட்டு நிறுவனங்களின் எஞ்சின்களும் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கு இந்தப் பொது மொழியே காரணம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் 2001-இல் திறக்கப்பட்ட "மினியேச்சர் வுண்டர்லாண்ட்" என்னும் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரி ரயில்கள் உள்ளன. சுவிட்சை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை வண்டிகளையும் மோதாமல் ஓட்ட முடியுமா? டிஜிட்டல் முறையும் கணிப்பொறியும் கைகோத்ததால்தான் அது கைகூடியது.

எல்லாருக்கும் ஒரே மின்சாரம், அவரவர்க்கு ஒரு பெயர்

புதிய முறையில் தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்னழுத்தம், சுமார் 15 வோல்ட், இருந்துகொண்டே இருக்கும். எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் அது குறையாது. ஆனால் அதன் திசை கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டிருக்கும். அந்த மாற்றங்களுக்கு இடையிலுள்ள நேரமே செய்தி. ஒரு திசையில் 58 மைக்ரோவினாடி, மறுதிசையில் 58 மைக்ரோவினாடி இருந்தால் அது "1". இருபுறமும் 100 மைக்ரோவினாடியோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் அது "0". ஒரு மைக்ரோவினாடி என்பது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தந்தி முறையில் குறுகிய ஒலி, நீண்ட ஒலி என்று வைத்துச் செய்தி அனுப்பினார்களே, அதைப் போன்றதுதான் இது.

ஒவ்வொரு செய்தியிலும் மூன்று முக்கியப் பகுதிகள் உண்டு. முதலில் எஞ்சினின் எண்; அதுதான் அதன் பெயர். அடுத்து கட்டளை. இறுதியில் ஒரு சோதனை எண். எடுத்துக்காட்டாக, 3 என்ற எண்ணுள்ள எஞ்சினை முன்னோக்கி ஓடச் சொல்வதாகக் கொள்வோம்.

எண்: 00000011
கட்டளை: 01100110
சோதனை: 01100101

மேலுள்ள இரண்டு வரிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தால் சோதனை வரியில் 0. வேறாக இருந்தால் 1. எஞ்சினும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துவராவிட்டால், வழியில் செய்தி கெட்டுவிட்டது என்று தெரிந்து அதைத் தள்ளிவிடும். தூசியாலோ துருவாலோ ஒரு செய்தி கெட்டாலும் கவலையில்லை. இத்தகைய சிறு செய்தி ஒன்றை அனுப்ப ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே கட்டளை நிலையம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

செய்தி எல்லா எஞ்சின்களின் காதிலும் விழுகிறது. ஆனால் தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட எஞ்சின் மட்டுமே அசைகிறது. மற்றவை அமைதியாக நிற்கின்றன.

டிகோடர் என்னும் சின்ன மூளை

செய்தியைக் கேட்டுப் பொருள் உணரும் கருவிக்கு டிகோடர் என்று பெயர். பெருவிரல் நகம் அளவே இருக்கும் பலகை அது. அதனுள் மூன்று வேலைகள் நடக்கின்றன. தண்டவாளத்தின் திசைமாறும் மின்சாரத்தை, நான்கு டையோடுகள் கொண்ட பாலம் நேர்திசை மின்னோட்டமாக ஆக்குகிறது. ஒரு நுண் கணிப்பொறி செய்தியைப் படிக்கிறது. நான்கு டிரான்சிஸ்டர்கள் மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கின்றன. கொடுக்கும் நேரம் அதிகமானால் வேகம். இடைவெளி அதிகமானால் நிதானம். திசையை மாற்றுவதும் அந்த டிரான்சிஸ்டர்களின் வேலையே.

டிகோடரிலிருந்து மெல்லிய வண்ணக் கம்பிகள் நீண்டிருக்கும். இந்தப் பொதுத் தரநிலையின்படி வண்ணங்களின் பொருள் இதுதான்:

சிவப்பு: வலப்பக்கத் தண்டவாளம்
கறுப்பு: இடப்பக்கத் தண்டவாளம்
ஆரஞ்சு, சாம்பல்: மோட்டாரின் இரு முனைகள்
வெள்ளை: முன் விளக்கு
மஞ்சள்: பின் விளக்கு
நீலம்: விளக்குகளுக்கெல்லாம் பொதுவான நேர்முனை

புதிதாக வரும் பல எஞ்சின்களில் டிகோடரைச் செருகுவதற்கென்றே எட்டுத் துளை அல்லது இருபத்தொரு முனை கொண்ட இணைப்பான் இருக்கும். மேல்மூடியைக் கழற்றி, அங்கிருக்கும் வெற்று அட்டையை எடுத்துவிட்டு, டிகோடரைச் செருகினால் போதும். பழைய எஞ்சினில்தான் நம் பொறுமைக்குச் சோதனை.

பொருத்தும் முறை

முதல் வேலை, எஞ்சினைப் பழைய முறையிலேயே ஓட்டிப் பார்ப்பது. 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தில் திக்கித் திணறி ஓடும் எஞ்சின், டிகோடர் பொருத்தியதும் திருந்திவிடாது. சக்கரங்களையும் பல்சக்கரங்களையும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சீராக ஓடச் செய்த பின்னரே மேலே செல்ல வேண்டும்.

இரண்டாவது, மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் கேட்கும் என்று அளப்பது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு கணம் மட்டும் சக்கரம் சுழலாதபடி பிடித்துக்கொண்டு அம்மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது காட்டுவதுதான் மிக உயர்ந்த அளவு. டிகோடர் அதைவிடக் கூடுதலாகத் தாங்கக் கூடியதாக இருக்க வேண்டும். 87-இல் ஒரு பங்கு அளவிலான எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 1 ஆம்பியர் தாங்கும் டிகோடர் போதும்.

மூன்றாவதே மிக மிக முக்கியம். மோட்டாரின் இரு முனைகளும் தண்டவாளத்தோடோ, எஞ்சினின் உலோக உடலோடோ சிறிதும் ஒட்டியிருக்கக் கூடாது. பழைய முறையில் பல எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனையை உலோக உடலோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். ஒரு கம்பி மிச்சமாகும் அல்லவா? இங்கிலாந்தில் 1950களிலிருந்து பல ஆண்டுகள் விற்ற டிரையாங் எஞ்சின்களின் எக்ஸ்04 மோட்டார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் கார்பன் துண்டுகளை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்லுக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒரு காலுக்கு மட்டும் மின்கடத்தாக் குழாய்ச் சட்டை போட்டிருப்பார்கள்; மற்றது உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். டிகோடர் பொருத்தும்போது அந்த இரண்டாவது காலுக்கும் ஒரு சட்டை மாட்டிவிட வேண்டும்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? தண்டவாளத்தின் முழு மின்னழுத்தமும் டிகோடரின் வெளிவாசல் வழியாக உள்ளே பாயும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு புகை, அவ்வளவுதான். கருகிய டிகோடருக்கு உயிர் கொடுக்க முடியாது. ஆகவே மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையை மோட்டாரின் கார்பன் பிடிப்பிலும் மறுமுனையைச் சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள். பிறகு உலோக உடலில் வையுங்கள். மற்றக் கார்பன் பிடிப்பிலும் இதையே செய்யுங்கள். எங்கும் தொடர்பு காட்டக் கூடாது. ஐந்து நிமிடம் பிடிக்கும் இச்சோதனையில் சோம்பல் கூடவே கூடாது.

இப்போது கம்பிகளை இணைக்கலாம். முன்பு வலப்பக்கச் சக்கரத்தோடு சேர்ந்திருந்த மோட்டார் முனைக்கு ஆரஞ்சு, இடப்பக்கத்துக்குச் சாம்பல். ஒவ்வொரு இணைப்பையும் சால்டரிங் இரும்பால் பற்றவைத்து, சூடுபட்டால் சுருங்கும் குழாயை அதன்மேல் இழுத்து மூட வேண்டும். ஒட்டுநாடா மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். சூட்டில் அதன் பசை இளகிக் கழன்றுவிடும். டிகோடரும் சூடாகுமாதலால் அதைப் பஞ்சாலோ நுரையாலோ சுற்றி மூடக் கூடாது. சுழலும் சக்கரத்தில் சிக்காதபடி கம்பிகளை ஓரமாக ஒதுக்கி வைப்பதும் அவசியம்.

விளக்கேற்றுவோம்

பழைய எஞ்சின்களில் கோதுமை மணி அளவுள்ள இழை விளக்குகள் இருந்தன. எந்நேரமும் முழு மின்னழுத்தம் கிடைக்கும் புதிய முறையில் அவை மிகவும் சூடாகி, பிளாஸ்டிக் உடலையே இளக்கிவிடக் கூடும். ஆகவே இன்று எல்லாரும் ஒளி உமிழ் டையோடு எனப்படும் எல்.இ.டி.யையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் எல்.இ.டி.க்குத் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று நிறுத்திக்கொள்ளத் தெரியாது. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு கருகிப்போகும். அதைக் காக்கும் காவலாளிதான் மின்தடை.

எவ்வளவு மின்தடை வேண்டும்? ஓம் விதியை நினைவுகூருங்கள். டிகோடரின் நீலக் கம்பியில் சுமார் 14 வோல்ட் கிடைக்கிறது. வெள்ளை எல்.இ.டி. 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 11 வோல்ட். 1000 ஓம் மின்தடை வைத்தால் 11-ஐ 1000-ஆல் வகுக்க 0.011 ஆம்பியர், அதாவது 11 மில்லிஆம்பியர். இது எல்.இ.டி.க்குத் தாராளம். மின்தடையில் வீணாகும் ஆற்றல் 11 பெருக்கல் 0.011, சுமார் 0.12 வாட். ஆகவே கால் வாட் தாங்கும் மின்தடையைப் போட்டால் அச்சமில்லை. ஒளி கண்ணைப் பறித்தால் மின்தடையைக் கூட்டிக்கொள்ளலாம்.

எல்.இ.டி.யின் நேர்முனை, அதாவது நீண்ட கால், மின்தடை வழியாக நீலக் கம்பிக்குச் செல்ல வேண்டும். எதிர்முனையான குட்டைக் காலை முன் விளக்கானால் வெள்ளைக் கம்பியோடும், பின் விளக்கானால் மஞ்சள் கம்பியோடும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி மின்தடை நல்லது. நீலக் கம்பியோ அதன் இணைப்புகளோ உலோக உடலைத் தொடக் கூடாது என்பதை மறவாதீர்கள். நீராவி எஞ்சினுக்கு மஞ்சள் சாயலுள்ள வெண்ணிற விளக்கும், புதுக்கால மின்சார எஞ்சினுக்குத் தூய வெண்ணிற விளக்கும் பொருத்தமாக இருக்கும்.

பயணிகள் பெட்டிக்குள் விளக்குப் போட டிகோடர்கூடத் தேவையில்லை. சக்கரத்தின் உட்புறத்தை மெல்லத் தொடும் வெண்கலத் தகடு மின்சாரத்தை எடுத்துத் தரும். நான்கு டையோடுப் பாலம் அதை நேர்திசையாக்கும். 10,000 ஓம் மின்தடையோடு சிறு எல்.இ.டி.களைக் கூரையில் வரிசையாக வைத்தால், சன்னல் வழியே இதமான ஒளி கசியும். தண்டவாளத்தில் தூசி இருந்தால் ஒளி விட்டுவிட்டு மின்னும். அதைத் தடுக்க 25 வோல்ட் தாங்கும் மின்தேக்கி ஒன்றைச் சேர்ப்பார்கள். மின்சாரம் அறுபடும் கணத்தில், தான் சேமித்து வைத்ததை அது விளக்குக்கு அளித்து உதவும். மின்தேக்கி ஒரேயடியாக மின்சாரத்தை இழுத்துவிடாதபடி அதற்கு முன்னால் 100 ஓம் மின்தடையும் இருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு முன்

வேலை முடிந்ததும் எஞ்சினை நேராக ஓட்டத்துக்கு விடக் கூடாது. கட்டளை நிலையத்தில் "பெயர் சூட்டும் தடம்" ஒன்று தனியே உண்டு. அதில் சிறிதளவு மின்னோட்டமே செல்லுமாதலால், எங்கேனும் கம்பி மாறியிருந்தாலும் டிகோடர் தப்பிவிடும். கடையிலிருந்து வரும் டிகோடர்கள் பெரும்பாலும் 3 என்ற எண்ணோடுதான் வரும். அந்த எண்ணைத் திருப்பிப் படிக்க முடிந்தால் இணைப்புகள் சரி என்று பொருள். அதன்பின் எஞ்சினுக்கு உரிய புதிய எண்ணைச் சூட்டலாம். எவ்வளவு மெதுவாகக் கிளம்ப வேண்டும், எவ்வளவு தூரம் நழுவி நிற்க வேண்டும் என்பவற்றையும் அங்கேயே பதிந்து வைக்கலாம். டிகோடர் இல்லாத பழைய எஞ்சினை மட்டும் இந்தத் தண்டவாளத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். திசைமாறும் மின்சாரம் நேரே பாய்ந்து, அதன் மோட்டார் முனகிச் சூடேறிக் கெட்டுப்போகும்.

இங்கே பெற்றோருக்கும் ஒரு சொல். தண்டவாளத்தில் ஓடும் 15 வோல்ட், காய்ந்த கையால் தொட்டால் தீங்கு செய்யாது. சுவரிலுள்ள வீட்டு மின்சாரமோ உயிரைக் குடிக்கும். ஆகவே அதனோடு இணையும் அடாப்டரைக் குழந்தைகள் ஒருபோதும் திறக்கக் கூடாது. சால்டரிங் இரும்பு முந்நூறு டிகிரிக்கும் மேல் கொதிக்கும். பெரியவர் அருகில் இருக்க வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும், வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆனால் "பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பொடித் தையல் போடும் விரலுக்கு மெல்லிய கம்பியைப் பற்றவைப்பது கடினமன்று. ஒரு முறை தானே செய்து பார்த்த ஓம் விதி, நூறு முறை மனப்பாடம் செய்த விதியைவிட நெஞ்சில் நிற்கும்.

தோழியரே, இந்தச் சிறு ரயில் நமக்குச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. எல்லா எஞ்சின்களுக்கும் கிடைப்பது ஒரே மின்சாரம். நிற்கும் எஞ்சினுக்குக் குறைவுமில்லை, ஓடும் எஞ்சினுக்கு அதிகமுமில்லை. நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். இறைவனின் அருளும் அப்படித்தான் எல்லார்மேலும் ஒருபோல் பாய்கிறது. அழைப்போ அவரவர் பெயருக்கு வருகிறது. ஒருத்திக்கு மருத்துவமனை, ஒருத்திக்கு வகுப்பறை, ஒருத்திக்குப் பொறியியல் கூடம், ஒருத்திக்குத் துறவற மடம். அடுத்த வண்டி ஓடுகிறதே என்று நாம் ஏங்க வேண்டியதில்லை. நம் பெயர் ஒலிக்கும்போது அது தெளிவாகக் கேட்கும்படி, சக்கரத்தில் தூசு படியாமல் துடைத்து வைப்பதே நாம் செய்ய வேண்டியது.